கொட்டில் சோலாருக்கு ஐசொலேட்டர் வாங்கும்போது விடப்படும் பிழைகள்

வன்னியில் பம்ப் கொட்டில், மாட்டுக்கொட்டில், நெற்களஞ்சியம் ஆகியவற்றின் தகரக் கூரைகளில் சோலார் பூட்டுவோர், பனலையும் இன்வேட்டரையும் நன்கு விசாரித்து வாங்கிவிட்டு, இரண்டுக்கும் இடையில் நின்று பனலின் மின்சாரத்தைக் கையால் துண்டிக்க உதவும் ஐசொலேட்டர் சுவிட்சை மட்டும் விலை பார்த்து வாங்குவதுண்டு.

இவ்விடயத்தில் மிக ஆபத்தான பிழை, வீட்டு மின்சாரத்துக்குரிய சாதாரண பிரேக்கரைப் பனல் பக்கத்தில் பூட்டுவதாகும். மின்சார சபை வழங்கும் ஆடலோட்டம் (ஏசி) 50 ஹேர்ட்ஸ் என்பதால் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைக் கடக்கிறது. சுவிட்சைத் திறக்கையில் தொடுகைகளுக்கிடையே தீப்பொறியாய் எழும் மின்வில் அக்கணத்தில் அணைந்துவிடும். பனலின் நேரோட்டம் (டிசி) ஒருபோதும் பூச்சியத்தைத் தொடுவதில்லை. திறந்த சுற்றில், அதாவது மின்னோட்டம் எடுக்கப்படாதபோது, 50 வோல்ற் தரும் பனல்கள் 8 தொடராக இணைந்தால் 400 வோல்ற் ஆகும். அந்த அழுத்தத்தில் எழும் மின்வில் தொடுகைகளை உருக்கிப் பெட்டியையே எரிக்கக்கூடும். நேரோட்ட பிரேக்கர்களிலும் சிலவற்றில் நேர், மறை முனைகள் குறிக்கப்பட்டிருக்கும். மின்வில்லைக் காந்தத்தால் ஒரு திசைக்குத் தள்ளி அணைக்கும் வகை அது. வயரை மாற்றி இணைத்தால் அணைக்காது. முனை பார்க்கத் தேவையில்லாத வகையை, சற்று விலை கூடினாலும், வாங்குவதே நல்லது.

அடுத்தது, முகப்பில் எழுதிய '1000 வோல்ற், 32 அம்பியர்' என்பதை அப்படியே நம்புவது. பல சுவிட்சுகள் 32 அம்பியரைக் குறைந்த வோல்ற்றிலேயே துண்டிக்கும். 1000 வோல்ற்றில் அதன் ஒரு பகுதியை மட்டுமே துண்டிக்கும். ஆகவே தரவுத்தாளில் உங்கள் வோல்ற்றுக்கு நேரே உள்ள அம்பியரைப் பார்க்க வேண்டும். அது பனலின் குறுஞ்சுற்று மின்னோட்டத்தின் (பனல் தரவுத்தாளில் Isc) 1.25 மடங்குக்குக் குறையக்கூடாது. தகரத்தின் கீழ் வெக்கை ஏறும் கொட்டிலில் சுவிட்ச் தாங்கும் அம்பியர் மேலும் குறையும்.

ஐசொலேட்டர் பியூஸின் வேலையைச் செய்யாது. மிகை மின்னோட்டத்தில் தானாக விழாது. பற்றரி இருந்தால் அதன் பக்கத்துக்கு உரிய பியூஸ் தனியாக வேண்டும்.

பனல் கொட்டிலிலும் இன்வேட்டர் வீட்டிலும் இருந்தால், வீட்டில் மட்டும் சுவிட்ச் வைப்பது போதாது. அதை நிறுத்திய பின்னும் வளவு நெடுகச் செல்லும் கேபிளில், வெயில் உள்ளவரை, 400 வோல்ற் இருக்கும். கொட்டில் வாசலில், கைக்கெட்டும் உயரத்தில், இன்னொன்று வேண்டும். வெளிச்சுவரில் வைப்பதானால் தூசும் நீர்வீச்சும் புகாத ஐபி65 தரப் பெட்டியாகப் பார்த்து, கேபிளைக் கீழ்ப்புறத்தால் நுழையுங்கள். மேற்புறத்தால் நுழைத்தால் மாரி மழை வயர் வழியே உள்ளே இறங்கும்.