அரசு ஆஸ்பத்திரியில் ரிவியூ தேதி தவறிவிட்டதா, ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டதா? அடுத்து என்ன செய்வது

மாங்காய் சீசனில் ஒரு நாள் கூலியை விட மனம் வராது. அஞ்செட்டி, சித்தேரி பக்கம் என்றால் காலை பஸ்ஸை விட்டால் அன்றைய ஓபியே போச்சு. மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பான், அவன் வந்தால்தான் பெரியவரைக் கூட்டிப்போக முடியும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ரிவியூ தேதி தவறுவது பெரும்பாலும் இப்படித்தான். அது பெரிய பிரச்சினை இல்லை. "இப்ப போனா திட்டுவாங்க" என்று பயந்து அதற்கப்புறம் போகாமலே இருந்துவிடுகிறார்களே, அதுதான் பிரச்சினை. மாத்திரை தீரும், ஆறு மாதம் கழித்து ஆம்புலன்ஸில் போவார்கள்.

எங்கள் மாமனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன். முதலில் ரிவியூ தவறியது. அதைச் சரிசெய்து ஆபரேஷன் தேதி வாங்கினால், அன்று காலையில் அதுவும் தள்ளிப்போனது. இரண்டையும் ஒருவழியாக முடித்த கையோடு இதை எழுதுகிறேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை, நடைமுறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓபி சீட்டு எங்கே போடுவது, மருந்து எங்கே வாங்குவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: காத்திருக்கலாமா, இன்றைக்கே ஓடணுமா?

இதை முதலில் முடிவு செய்யுங்கள். டிபி மாத்திரை, ஏஆர்டி (எச்ஐவிக்கான) மாத்திரை, வலிப்பு மாத்திரை, டயாலிசிஸ், கீமோ, சிக்கல் இருப்பதாகச் சொல்லப்பட்ட கர்ப்பம் இவற்றில் எது தவறியிருந்தாலும் சரியான கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த நாளே போங்கள். டிபி மாத்திரையை நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும், பிறகு சிகிச்சை இன்னும் நீளும். அதற்கென்றே 1800 11 6666 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. மாவுக்கட்டு போட்ட கையில் விரல் மரத்துப்போனாலோ நீலமானாலோ அது ரிவியூ விஷயமே இல்லை, அவசரப் பிரிவு. அவசரமா இல்லையா என்றே புரியவில்லை என்றால் 104க்கு போன் போட்டுக் கேளுங்கள். கொண்டுபோக வண்டி வேண்டும் என்றால் 108.

மற்றபடி மூட்டுவலி, பிரஷர், சர்க்கரை, கண்புரை, ஆபரேஷனுக்குப் பிந்தைய சாதாரண ரிவியூ என்றால் பதற்றம் வேண்டாம். கீழே படியுங்கள்.

படி 2: காகிதங்களைத் தேடி எடுங்கள்

பழைய ஓபி சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை, ஆதார். மாத்திரை தீர்ந்திருந்தால் காலி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். "வெள்ளையா, சின்னதா இருக்குங்க" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது.

எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்தால் போதும் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூட்டத்தில் டாக்டர் போன் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்க மாட்டார். பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வாங்குங்கள், படம் கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும். சீட்டை லேமினேட் செய்யாதீர்கள், டாக்டர் அதே சீட்டில்தான் மேற்கொண்டு எழுதுவார். ஈசிஜி தாளை மட்டும் உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அது வெப்பத்தில் அச்சாகும் தாள், கொஞ்ச நாளில் கோடெல்லாம் மங்கிவிடும்.

படி 3: சீட்டில் எழுதியிருப்பதைச் சரியாகப் படியுங்கள்

இந்தப் பதிவை எழுதியதே இந்தப் படிக்காகத்தான்.

முதல் விஷயம், அந்த பின்னக் கணக்கு. மருந்துக்குக் கீழே 2/52 என்று எழுதியிருக்கும். அது தேதி இல்லை. வருடத்துக்கு 52 வாரம், அதில் இரண்டு, ஆக இரண்டு வாரம் கழித்து வரணும். 5/7 என்றால் ஐந்து நாள். 3/12 என்றால் மூன்று மாதம். 2/52 என்று ஒரு தேதி கிடையாது, யாராவது யாரிடமாவது கேட்டுவிடுவார்கள். வம்பு செய்வது 1/12தான். அதற்கு ஒரு மாதம் என்று பொருள். ஆனால் செப்டம்பரில் சீட்டு வாங்கிய ஆள் அதை டிசம்பர் 1 என்று படித்துவிட்டு நிம்மதியாக இருப்பார். மாமாவின் சீட்டில் இருந்ததும் இதுதான், மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த அண்ணன் சொல்லித்தான் வீட்டில் தெரிந்தது. டாக்டர்களுக்குள் இது பழக்கமான குறிப்பு, நோயாளி கையில் கொடுக்கும் சீட்டிலும் ஏன் அதையே எழுதுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. சீட்டு வாங்கியதும் அங்கேயே நர்ஸிடம் "என்னிக்குங்க வரணும், என்ன கிழமைங்க?" என்று கேட்டு, பேனாவால் தேதியையும் கிழமையையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, யூனிட். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, எலும்பு, மகப்பேறு போன்ற பெரிய துறைகள் யூனிட் யூனிட்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு தலைமை டாக்டர், அவருக்குக் கீழே உதவி டாக்டர்கள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஓபி நாள் தனி, ஆபரேஷன் நாள் தனி. உங்களை முதலில் பார்த்த யூனிட்தான் கடைசி வரை உங்கள் யூனிட்.

தேதி தவறியவர்கள் இங்கேதான் அலைகிறார்கள். செவ்வாய்க்கிழமை போக வேண்டியது தவறிவிட்டது, சரி, புதன் போகலாம் என்று பென்னாகரத்திலிருந்து கிளம்பி வருவார்கள். புதன்கிழமை இருப்பது வேறு யூனிட். அவர்கள் சீட்டைப் பார்த்துவிட்டு "உங்க டாக்டர் செவ்வாய்தான், அன்னிக்கு வாங்க" என்பார்கள். நமக்கு அது விரட்டுவது போலத் தெரியும். அவர்கள் பக்கத்தில் யோசித்தால், ஆபரேஷனா வேண்டாமா என்று முடிவெடுத்தது இன்னொருவர், அதில் இவர்கள் கை வைக்க மாட்டார்கள். ஆக, தவறிய தேதிக்கு அடுத்த நாள் போவதைவிட அடுத்த வாரம் அதே கிழமை போவதுதான் அலைச்சலைக் குறைக்கும். அதுவரைக்கும் மாத்திரை இல்லை என்றால் படி 5ஐப் பாருங்கள்.

யூனிட் எது என்று எப்படித் தெரியும்? டிஸ்சார்ஜ் சம்மரியின் மேல் பகுதியில் துறையின் பெயருக்குப் பக்கத்தில் ரோமன் எண்ணிலோ சாதாரண எண்ணிலோ இருக்கும். இல்லையென்றால் தலைமை டாக்டரின் பெயர் இருக்கும். அதுவும் இல்லை என்றால் பழைய சீட்டுகளின் தேதிகளைக் காலண்டரில் வைத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே கிழமையில் விழும். எந்தக் கிழமை எந்த யூனிட் என்ற பலகை ஓபி வாசலிலேயே இருந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு, அரூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை போன்ற தாலுகா மருத்துவமனைகளில் இந்த யூனிட் கணக்கு இருக்காது. அங்கே கேட்க வேண்டியது வேறு: கண் டாக்டர் என்னென்ன கிழமை இருப்பார், எலும்பு டாக்டர் என்றைக்கு?

கிழமை சரியாக இருந்தும் அன்று அரசு விடுமுறையா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். விடுமுறை நாளில் ஓபி வழக்கம்போல் நடக்காது. ஆடிப்பெருக்கு சமயத்தில் உள்ளூர் விடுமுறை வேறு வரும்.

படி 4: அங்கே போய் என்ன சொல்வது

நான் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"சிஸ்டர், மாமாவுக்குப் போன வாரமே ரிவியூ. வர முடியலைங்க. ரெண்டாவது யூனிட்தாங்க. இன்னிக்குக் காட்டலாங்களா?"

"ஏம்மா அன்னிக்கே கூட்டிட்டு வரல?"

"அறுப்பு நேரம்ங்க, ஆள் இல்லைங்க. பிரஷர் மாத்திரையும் தீந்து போச்சுங்க."

அவ்வளவுதான். ஒரு முறைப்பு கிடைத்தது, அப்புறம் உட்காரச் சொன்னார்கள். நீளமாகக் கதை சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கவே கூடாது. எத்தனை நாளாக மாத்திரை போடவில்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று "தினமும் போடறேங்க" என்று சொல்கிறார்கள் பெரியவர்கள். டாக்டர் பிரஷரைப் பார்க்கிறார், ஏறியிருக்கிறது. மாத்திரை போட்டும் இவ்வளவு இருக்கிறதே என்று அளவைக் கூட்டி எழுதிவிடுவார். வீட்டுக்கு வந்து அதை ஒழுங்காகப் போட ஆரம்பித்தால் பிரஷர் கீழே இறங்கித் தலை சுற்றி விழுவார். சர்க்கரை மாத்திரைக்கும் இதே கதைதான், அதில் ஆபத்து இன்னும் அதிகம்.

படி 5: நடுவில் மாத்திரைக்கு வழி

பிரஷர், சர்க்கரைக்கான வழக்கமான மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கும். பழைய சீட்டைக் காட்டுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் இருந்தால் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார், பெயர் இல்லையென்றால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே நம் பக்கம்தான், சூளகிரிக்கு அருகே சாமனப்பள்ளியில்.

படி 6: ஆபரேஷன் அன்று காலையில் தள்ளிப்போனால்

காரணம் இரண்டு வகை. நோயாளி பக்கத்துக் காரணம்: அன்று காலை பிரஷரோ சர்க்கரையோ ஏறியிருக்கும், சளி காய்ச்சல் இருக்கும், தெரியாமல் டீ குடித்திருப்பார், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே சொல்லியிருக்க மாட்டார்கள். மருத்துவமனை பக்கத்துக் காரணம்: தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். குடலிறக்கம் காத்திருக்கும், அடிபட்டவர் காத்திருக்க முடியாது. இதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை.

சண்டை போடாமல் நான்கு கேள்வி கேளுங்கள், இந்த வரிசையிலேயே.

"இப்ப சாப்பிடலாங்களா?" முதல் கேள்வி இதுதான். ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. தள்ளிப்போய்விட்டது என்று சொன்னவர்கள் சாப்பிடலாம் என்று சொல்ல மறந்துவிடுவதுண்டு. சர்க்கரைக்காரர் என்றால் மாத்திரை, ஊசியை எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கையில் ஊசி குழாய் இருக்கிறதே என்று நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து, வார்டிலேயே இருக்கணுமா, வீட்டுக்குப் போகலாமா. யூனிட்டின் அடுத்த ஆபரேஷன் நாள் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்றால் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. வீட்டுக்குப் போனால் மறுபடி அட்மிஷனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மூன்றாவது, ஆபரேஷனைத் தாங்கும் உடல்நிலை இருக்கிறது என்று மயக்க மருந்து டாக்டர் கொடுத்த பிட்னஸ் செல்லுமா. சில நாள் தள்ளிப்போனால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வாரக்கணக்கில் தள்ளினால் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி மறுபடி கேட்கலாம். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

நான்காவது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் என்றால் தேதி மாறியதைக் காப்பீட்டுப் பிரிவிலும் சொல்ல வேண்டுமா. வார்டிலிருந்து அவர்களுக்குத் தகவல் போயிருக்கும் என்று நம்பாதீர்கள், ஒரு எட்டு நடந்து போய்ச் சொல்லிவிடுங்கள். திட்டம் பற்றிய சந்தேகத்துக்கு 1800 425 3993.

புதிய தேதியை வாய்வார்த்தையாக வாங்கிக்கொண்டு வராதீர்கள், சீட்டில் எழுதி வாங்குங்கள்.

படி 7: வர முடியாது என்று முன்பே தெரிந்தால்

வீட்டில் யாராவது ஒருவர் சீட்டை எடுத்துக்கொண்டு முந்தைய ஓபி நாளில் போய்ச் சொன்னால் போதும், நோயாளி வர வேண்டியதில்லை. ஸ்கேன் தேதிக்கு இது ரொம்ப முக்கியம். அந்த இடம் வரிசையில் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போகும், நமக்கும் அங்கேயே வேறு தேதி கிடைத்துவிடும். தேதி வாங்கும்போதே "வர முடியலைன்னா எந்த நம்பருக்குச் சொல்றதுங்க?" என்று கேட்டு வையுங்கள். சிலர் கொடுப்பார்கள், சிலர் கொடுக்க மாட்டார்கள், கேட்பதில் தப்பில்லை.

நினைவூட்டலுக்கு போன் அலாரத்தைவிட சுவரில் மாட்டும் மாதக் காலண்டர்தான் என் சிபாரிசு. அதில் சிவப்பு வட்டம் போட்டால் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும், மாமியார் தினமும் ஞாபகப்படுத்துவார்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

ஊசி மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்குத் தேதி தவறியவர் ஒருவர், மறுபடி போனபோது கிரியேட்டினின் ரிப்போர்ட் பழையது என்று திருப்பி அனுப்பப்பட்டாராம். சிறுநீரகம் அந்த மருந்தைத் தாங்குமா என்று பார்க்கும் பரிசோதனை அது, அண்மையில் எடுத்ததாக இருக்க வேண்டும். புதுத் தேதி வாங்கும்போதே இதைக் கேளுங்கள்.

குழந்தைக்கு 10ஆவது வாரத் தடுப்பூசி தவறிவிட்டது, முதலிலிருந்து போட வேண்டுமா என்று கேட்டிருந்தார் ஒரு அக்கா. வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அட்டையோடு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

இன்னொருவர் இங்கே ஆபரேஷன் முடித்துவிட்டு ஓசூரில் வேலைக்குத் திரும்பியவர், தையல் பிரிக்க மட்டும் அவ்வளவு தூரம் வர வேண்டுமா என்கிறார். சாதாரணத் தையல் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி ஓசூர் அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிரித்துக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே அப்படிச் செய்யலாமா என்று கேட்டு, பிரிக்க வேண்டிய தேதியையும் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சதைத் துண்டு பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிசல்ட்டுக்கு மட்டும் அதே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், நோயாளிக்குப் பதில் வீட்டில் ஒருவர் போய் வாங்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.