கிளம்பும் முன் ஒரு போட்டோ

கூட்டமான இடத்துக்குக் குழந்தைகளோடு போகிறீர்களா? வாசலிலேயே நிற்கவைத்து, தலை முதல் செருப்பு வரை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் காணோம் என்ற பதற்றத்தில், அன்றைக்கு என்ன கலர் சட்டை போட்டுவிட்டோம் என்பதே நமக்கு மறந்துபோகும். போட்டோவைக் காட்டினால் தேடுகிறவர்களுக்கும் சுலபம்.

உங்கள் போன் நம்பரைச் சீட்டில் எழுதிக் குழந்தையின் பாக்கெட்டில் வையுங்கள். சட்டையில் வெளியே தெரிகிற மாதிரி பெயர் மட்டும் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முன்பின் தெரியாதவரையும் குழந்தை நம்பிவிடும்.

அப்புறம், வழி தவறினால் ஓடாமல் அங்கேயே நிற்க வேண்டும், குழந்தையோடு வந்திருக்கும் ஒரு அம்மாவிடம் உதவி கேட்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். போகிற வழியில் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லவும் வையுங்கள்.