சத்தம் வரும் பக்கத்தில் கை வைக்காதீர்கள்: பழைய ஸ்டீரியோ அம்ப் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுமாரிக்கு மேலே பழைய சீலை போர்த்திக் கிடக்கும் அம்பை, அதாவது பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் அம்பிளிபயரைக் கீழே இறக்கியதும் நாம் செய்கிற முதல் வேலை, தூசியைத் தட்டிவிட்டு பிளக்கைச் செருகுவது. முதல் தவறும் அதுதான்.

எண்பதுகளில் சவூதியிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த அம்பை நான் திறந்தபோது, ஹீட்சிங்கின் (சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளின்) இடுக்குகளில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ட்ரான்ஸ்போமர் ஓரத்தில் பல்லி முட்டைக் கோதுகள். அலுமினியத் தகட்டில் வெள்ளைப் பொடி, செப்புக் கம்பி முனைகளில் பச்சைக் களிம்பு. எங்கள் வீடு உப்புவெளியில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். திருகோணமலையில் உப்புக்காற்று படாத வீடு குறைவு. அதனால் இங்கே முதலில் மூடியைக் கழற்றி, மெல்லிய பிரஷால் துடைத்து, கண்ணால் பார்க்க வேண்டும். கரண்ட் கொடுப்பதெல்லாம் பிறகு.

பின்பக்கத்தையும் ஒருக்கா வாசியுங்கள். ஜப்பானில் விற்கச் செய்தது 100 வோல்ற், அமெரிக்காவுக்குச் செய்தது 120 வோல்ற். நம் சுவரில் வருவது 230. சில அம்புகளில் வோல்ற் மாற்றும் திருகு இருக்கும், அது எந்த இலக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 100 அல்லது 120 என்று மட்டும் எழுதியிருந்தால், வோல்ற்றைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

பியூஸ் போயிருந்தால் பெரிய பியூஸ் போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 3 அம்பியர் பியூஸ் இரண்டு தடவை போனதும், கையில் இருந்த 10 அம்பியரை நான் போட்டேன். பியூஸ் நின்றது, ட்ரான்ஸ்போமர் கருகியது. அந்த வார்னிஷ் மணம் அறையை விட்டுப் போக இரண்டு நாளானது. பியூஸ் போவது நோயல்ல, உள்ளே எங்கோ ஷோர்ட் என்று அது சொல்கிறது.

அதைக் கேட்கப் பாதுகாப்பான வழி சீரீஸ் பல்ப். அம்புக்குப் போகும் லைவ் கம்பியை வெட்டி, நடுவில் 100 வாட் இழை பல்ப் ஒன்றைத் தொடராகப் போடுவது. எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. அம்பைப் போட்டதும் பல்ப் ஒருதரம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் ஷோர்ட், உடனே நிறுத்துங்கள். அம்புக்கு வோல்ற் குறைவாகப் போவதால் ஸ்பீக்கர் ரிலே (ஸ்பீக்கருக்குப் போகும் வழியைத் தானே இணைக்கும் சுவிட்ச்) 'டக்' என்று விழாமலும் இருக்கலாம், பயப்பட வேண்டாம். வயரிங் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பல்ப் பெட்டியை ஒரு எலெக்ட்ரீசியனிடம் செய்விப்பதே நல்லது. சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

பிளக்கைக் கழற்றிவிட்டாலும் பெரிய கப்பாசிற்றர்களில் கரண்ட் தங்கியிருக்கும். ஸ்குரூட்ரைவரால் இரு காலையும் தொட்டுப் பொறி பறக்க வைப்பது கெட்ட பழக்கம். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த வயரோடு பிடித்துப் பத்துப் பதினைந்து வினாடி வைத்திருங்கள். பிறகு மல்ரிமீற்றரால் வோல்ற் பார்த்து, பூச்சியத்துக்குக் கிட்ட வந்த பின்தான் விரல் உள்ளே போகலாம்.

இனித்தான் பெரிய விஷயம். எனக்கு மீற்றர் பிடிக்கப் பழக்கிய ஐயா ஒருவர், நான் இரண்டு பக்கத்தையும் கழற்றிப் பரப்பியிருந்ததைப் பார்த்து, "தம்பி, சத்தம் வாற பக்கத்தில கை வைக்காத. அதுதான் உன்ட புத்தகம்" என்றார். ஸ்டீரியோ என்றால் ஒரே சர்க்கிட் இரண்டு தரம். ஒரு பக்கம் செத்திருந்தால் மற்றப் பக்கம் உங்களுக்கு விடைத்தாள். கரண்ட் இல்லாமல், மீற்றரை டயோட் நிலையில் வைத்து, இடது ட்ரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் வலதோடு ஒப்பிடுங்கள். வலதில் 0.5, 0.6 என்று காட்டும் இடத்தில் இடதில் 0.00 வந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

அதற்கும் முன்னால், மூடியைத் திறக்காமலே பாதி துப்பறியலாம். பின்னாலுள்ள இடது வலது இன்புட் வயர்களை மாற்றிக் குத்துங்கள். செத்த பக்கமும் மாறினால் பிழை அம்பில் இல்லை, வயரிலோ பிளேயரிலோ. டேப் மொனிற்றர் பட்டன் (டேப் ரெக்கோடரிலிருந்து வருவதை மட்டும் கேட்க வைப்பது) அமுங்கியிருப்பதால் மட்டும் ஊமையான அம்புகளை நானே பார்த்திருக்கிறேன். உப்புக்காற்றில் பட்டன்களும் வொலியூமும்தான் முதலில் கெடும். பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அங்கே அடிக்காதீர்கள், அது தூசியைப் பிடித்துக் களியாக்கும். கொன்டாக்ட் கிளீனர் அடித்து, பத்துப் பதினைந்து தடவை திருகுங்கள். ரிலே முனைகளை அரத்தாள் போட்டுத் தேய்த்தால் பூச்சு போய்விடும். ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்த காகிதத் துண்டை இடையில் வைத்து இழுத்தால் போதும்.

கப்பாசிற்றர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். ஒன்றைத் தலைகீழாகப் பூட்டிவிட்டாலும் பழைய பிழையா புதுப் பிழையா என்று தெரியாது. ஒன்றை மாற்று, சோதி, பிறகு அடுத்தது. கழற்றுமுன் போனில் படம் எடுங்கள். புதியதன் வோல்ற் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கட்டும்.

ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் ட்ரான்சிஸ்டரை மாற்றும்போது அடியிலுள்ள மைக்காத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் பூட்டினால் பல அம்புகளில் ட்ரான்சிஸ்டரின் கலெக்டர் முனை நேரே ஹீட்சிங்கில் முட்டும், புது ட்ரான்சிஸ்டரும் அந்த நொடியே போகும். அதை இயக்கும் பக்கத்து ட்ரைவர் ட்ரான்சிஸ்டரையும், அதன் எமிற்றர் காலிலுள்ள ரெசிஸ்டரையும் அளக்காமல் கரண்ட் கொடுத்தாலும் அதே கதைதான். போலி ட்ரான்சிஸ்டர்களும் சந்தையில் தாராளம்.

ஈயம் பற்றவைக்கும் அயன் 100 வாட் என்றால் பழைய போர்ட்டின் செப்புப் பாதையைத் தூக்கிவிடும், 40 வாட் போதும். தகர வேலைக்கான அசிட் பிளக்ஸ் (ஈயம் பிடிக்கப் பூசும் அமிலம்) கிட்டவும் வரக்கூடாது. அவுட்புட் ட்ரான்சிஸ்டரில் பாட்டு இல்லாதபோதும் ஓடும் கரண்டைச் சரிசெய்யும் பயஸ் திருகை, பழைய இடத்தைப் பேனாவால் குறிக்காமல் தொடாதீர்கள்.

எல்லாம் முடிந்து பல்ப் மங்கினால், பல்ப்பை எடுத்துவிட்டு அம்பை நேரடியாகப் போட்டு, ஸ்பீக்கர் பூட்டாமல் அந்த முனைகளில் டிசி வோல்ற் அளவுங்கள். 50 மில்லிவோல்ற்றுக்குள் இருந்தால் சரி. வோல்ற் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரின் சுருள் எரியும். சரியாக இருந்தாலும் முதல் பாட்டை உதவாத ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேளுங்கள்.

சித்தப்பாவின் அம்ப் இப்போது வேறு ட்ரான்ஸ்போமரில் பாடுகிறது. கார்த்திகை மாரி தொடங்கியதும் வாரம் ஒருதரம் ஒரு மணித்தியாலம் ஓடவிடுகிறேன். உள்ளே ஏறும் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும், குளவியும் கூடு கட்ட வருவதில்லை.