இருவர் மட்டும் வாசிக்கும் குழு: மெட்டலும் பங்க்கும் ஃப்ரீ ஜாஸும் சேரும் விதம்

மெட்டலின் வேகத்தையும் பங்க்கின் சுருக்கத்தையும் ஃப்ரீ ஜாஸின் கட்டற்ற போக்கையும் இருவர் மட்டுமே வாசிக்க விரும்பினால், முதலில் கேட்க வேண்டியவை சில உண்டு. 1967இல் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் டிரம்ஸ் கலைஞர் ரஷீத் அலியும் இருவராகச் செய்த பதிவு, அதன் பின் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் கொண்டு இயங்கிய டோக்கியோவின் ரூயின்ஸ், அமெரிக்காவின் லைட்னிங் போல்ட் ஆகியவற்றைப் பொறுமையாகக் கேளுங்கள்.

இருவர் வாசிக்கையில் ஒலி மெலிந்துவிடும் என்பதே முதல் சிக்கல். பேஸ் கிட்டாரின் ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தூய்மையாக பேஸ் ஆம்ப்ளிஃபயருக்கும், மற்றொன்றை ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் வழியாக கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் அனுப்பினால், அடித்தளமும் கூர்மையும் ஒருசேரக் கிடைக்கும்.

மெட்டலில் வரும் மிக வேகமான டிரம்ஸ் அடியான பிளாஸ்ட் பீட்டுக்கு அவசரம் ஆகாது. தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120 துடிப்பில் வைத்து, ஒரு துடிப்புக்கு நான்கு அடிகள் வீதம் கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரையும் (குச்சியால் அடிக்கும், கூர்மையாக ஒலிக்கும் டிரம்) மாற்றி மாற்றி அடியுங்கள். இரண்டு நிமிடம் சீராக வந்த பிறகே ஐந்து துடிப்புகள் கூட்டுங்கள். 200 துடிப்பில் நிமிடத்துக்கு 800 அடிகள் விழும் என்பதால், தோளின் பலத்தை நம்பாமல் மணிக்கட்டையும் விரல்களையும் பழக்க வேண்டும். தோள் இறுகத் தொடங்கினால் அன்றைக்கு வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

என் கணிப்பில், இந்த இசையின் உயிர் வேகத்தில் இல்லை, திருப்பங்களில்தான் இருக்கிறது. இருபது விநாடி நீளமுள்ள ஒரு பங்க் துணுக்கை இருவரும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, அது முடிந்ததும் தாளக்கட்டை விட்டுத் தன்னிச்சையாக வாசித்து, ஒரு சைகையில் மீண்டும் அதே துணுக்கின் முதல் அடியில் ஒன்றாக விழப் பழகுங்கள். சைகை தலையசைப்பாக இருக்கலாம், முன்பே பேசிவைத்த ஒரு ஸ்னேர் உருட்டாகவும் இருக்கலாம். கட்டற்ற பகுதியில் ஒருவர் அடர்த்தியாக வாசித்தால் மற்றவர் இடம் விட வேண்டும். இருவரும் ஓயாமல் நிரப்பினால் சுதந்திரம் வெறும் இரைச்சலாகிவிடும்.

ஒவ்வொரு பயிற்சியையும் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். காதடைப்பான் இல்லாமல் ஒருபோதும் வாசிக்காதீர்கள்: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் எனப் பரிந்துரைக்கப்படும் காதுக்கு, 100 டெசிபலில் 15 நிமிடமே வரம்பு, மூடிய அறையில் டிரம்ஸ் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.