மலையடிவாரத்தில் தீ எரிந்து ஓய்ந்த பிறகு பக்கத்துத் தோட்டத்துக்கு என்ன செய்யலாம்

மாசி, பங்குனியில் காடு காய்ந்து கிடக்கும்போது ஈரோடு மாவட்டத்துக் கடம்பூர், பர்கூர் மலைப் பக்கமோ உடுமலை அடிவாரத்திலோ தீப்பிடித்தால் அது மலையோடு நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. 2023 ஏப்ரலில் கோவை ஆலாந்துறைக்குப் பக்கத்தில் நாதேகவுண்டன்புதூர் மலையில் பிடித்த தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டரே வர வேண்டியிருந்தது. அந்த மாதிரி ஒரு தீ கீழே இறங்கி, சாளையும் (தோட்டத்து வீடு) மாடு கட்டும் கட்டுத்தறியும் போய்விட்டால், முதல் நாலைந்து நாள் ஆளும் பேருமாக வருவார்கள், சோத்துப் பொட்டலம் வரும், அப்புறம் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு நிற்க வேண்டியது பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான்.

"ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். நம்ம பக்கம் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், கொடுத்தே பழகிய வீடென்றால் கேட்கவே கேட்காது. "ஏனுங்க, பொழுதோட ஒரு வண்டி சோளத்தட்டு கொண்டாந்து எறக்கறனுங்க, எங்க போடட்டும்?" என்று கேளுங்கள். தட்டுப்போர் எரிந்துபோன வீட்டில் தன் சாப்பாட்டைவிட மாட்டுக்கு என்ன போடுவது என்பதுதான் பெரிய கவலை. தண்ணித் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள், மோட்டார் வயரும் ஸ்டார்ட்டர் பெட்டியும் கருகியிருந்தால் கிணற்றில் தண்ணீர் இருந்தும் எடுக்க முடியாது. மின்வாரியத்து ஆள் வந்து பார்க்காமல் அதில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

செத்த மாட்டைப் பார்க்கச் சகிக்காமல் அன்றைக்கே குழி வெட்டி மூடிவிடுவார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும், விஏஓ எழுதிக்கொள்ள வேண்டும், நீங்களும் போனில் படம் எடுத்து வையுங்கள். பேரிடர் நிவாரண விதிகளில் கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று இருக்கிறது, ஆதாரம் இல்லாமல் போய் நின்றால் அலைச்சல்தான் மிஞ்சும். இன்சூரன்ஸ் போட்ட மாடு என்றால் காதில் இருக்கும் வில்லையைக் கட்டாயம் எடுத்து வைக்க வேண்டும். மடியும் குளம்பும் வெந்துபோய் உயிரோடு நிற்கிற மாட்டுக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐக் கூப்பிடுங்கள், அதுவரை நிழலில் கட்டிப் பச்சைத்தண்ணீர் ஊற்றுங்கள். மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

சாம்பலைக் கூட்டுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள், மூக்கில் மாஸ்க் இருக்கட்டும். சிமென்ட் அட்டை வெடித்துக் கிடந்தால் அதையும் உலர்ந்தபடியே அள்ள வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. மேலே ஆறிக் கிடந்தாலும் பனைமரத்துத் தூரும் வேரும் உள்ளுக்குள் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

காகிதம் எரிந்துபோனதற்கு அழுகிறவர்கள் நிறைய. அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, பட்டா எரிந்தாலும் நிலம் எங்கேயும் போகாது என்பதுதான். பட்டா, சிட்டா இணையத்திலேயே இருக்கிறது, பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம், ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் இ-சேவை மையம் போதும். படித்த பையனோ பொண்ணோ ஒருத்தர் கூடவே போய், வரிசையில் நின்று, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டி முடித்துக் கொடுத்தால், அது பண உதவியைவிடப் பெரிசு.

நிலம் இல்லாதவர்களை மறந்துவிடுகிறோம். தோட்டத்துக் கொட்டகையில் குடியிருந்த வெளியூர்க் குடும்பம், தேங்காய் போடுகிறவர், மலையில் சீமாறுப் புல்லும் தேனும் எடுத்துப் பிழைக்கிற ஊராளி, சோளகர் பழங்குடிக் குடும்பங்கள். இவர்களுக்கு நஷ்டக் கணக்கில் எழுத ஒன்றும் இருக்காது, ஆனால் வருமானம் மொத்தமும் போயிருக்கும். கணக்கெடுக்க வருகிறவரை அவர்கள் வாசலுக்கும் நீங்களே கூட்டிப் போங்கள். எரிந்த தோட்டத்தைச் சுத்தம் பண்ணும் கூலி வேலையை முதலில் அவர்களுக்கே கொடுங்கள்.

மரத்தை உடனே வெட்ட விடாதீர்கள். வியாபாரி மறுநாளே வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்பான், மனசு விட்டுப்போன நேரத்தில் சரி என்றுவிடுவார்கள். தென்னைக்கு உயிர் நுனிக் குருத்தில் இருக்கிறது, அடிமரம் கருகினாலும் குருத்து வேகாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். மட்டையெல்லாம் தொங்கிப்போய், நடுவில் ஈட்டி மாதிரி ஒரு குருத்து மட்டும் நிற்கும். ஏறத் தெரிந்தவரிடம் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கையோடு உருவிக்கொண்டு வந்தால் மரம் போச்சு, விறைப்பாக நின்றால் தண்ணீர் விட்டுச் சில மாதம் பார்க்கலாம். சொட்டுநீர்க் குழாய் உருகியிருக்கும் என்பதால் வாய்க்காலிலோ டேங்கரிலோதான் விட வேண்டும், அதற்கு நாலு வீடு சேர்ந்து முறை போட்டுக்கொள்ளுங்கள். வேம்பும் தூரிலிருந்து துளிர்க்கும். கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) கொழுக்கட்டைப் புல் ஒரு நல்ல மழைக்கு எழுந்துவிடும், அதுவரை ஆடு மாடு இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எரிந்த கிளுவை வேலிக்கு நடுவதற்குப் போத்து (கிளைத் துண்டு) வெட்டி உங்கள் வேலியிலிருந்து கொடுங்கள்.

சாயங்காலத்தில் தோட்டத்துக்காரரிடம் போய்ச் சும்மா உட்காருங்கள். "பொருள்தானே, சம்பாரிச்சுக்கலாம்" என்று மட்டும் சொல்ல வேண்டாம், அது அவர் பாட்டன் போட்ட தோட்டம். அவர் பேசினால் கேளுங்கள், அதே கதையைப் பத்துத் தடவை சொன்னாலும் கேளுங்கள். தூக்கமில்லாமல், சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் ஒதுங்குகிறவரைத் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து டப்பாக்கள் அந்த வீட்டில் மிச்சமிருந்தால் உங்கள் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் அவரைத் தமிழிலேயே பேச வையுங்கள்.