வேதியியல் மாநாட்டில் முதல் சுவரொட்டி: ஆய்வுச் சுருக்கம் முதல் அரங்கம் வரை

பல்கலைக்கழக வேதியியல் துறை நடத்தும் மாநாட்டில் முதன்முறையாகச் சுவரொட்டி வைக்கப்போகும் ஆய்வு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதிவு, கட்டணம், தங்குமிடம் ஆகியவற்றை மாநாட்டு அறிவிப்பே சொல்லிவிடும். மாணவருக்கான சலுகைக் கட்டணத்துக்குத் தனிக் கெடு இருக்கக்கூடும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

படி 1: ஆய்வுச் சுருக்கம்

சொல் வரம்பை அறிவிப்பில் பார்த்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள். எந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டீர்கள், என்ன செய்தீர்கள், என்ன கிடைத்தது என்ற வரிசை போதும். ஆனால் கிடைத்ததை எண்ணோடு சொல்லுங்கள். "நல்ல விளைச்சல் கிடைத்தது" என்பதைவிட, எந்த வினையூக்கியை எவ்வளவு சேர்த்தபோது எத்தனை விழுக்காடு விளைச்சல் என்று எழுதுவதே தேர்வுக் குழுவுக்கு உதவும். "முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்ற வரியை நான் எழுதவே மாட்டேன், ஏனெனில் அது படிப்பவருக்கு எதையும் தருவதில்லை.

படி 2: சுவரொட்டி

பலகை நெடுக்குவாக்கா, அகலவாக்கா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஏ0 தாள் 841 மி.மீ. அகலமும் 1189 மி.மீ. உயரமும் கொண்டது, அதைத் திருப்பிப் போட்டு அச்சிட்டால் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்து மூலக்கூறு வரைபடங்கள். மூலக்கூறு வரையும் மென்பொருளான கெம்டிராவில் ஏசிஎஸ் (அமெரிக்க வேதியியல் சங்கம்) வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பிணைப்பின் நீளம் 0.508 செ.மீ., எழுத்தின் அளவு 10 புள்ளி என்று அமையும். அது ஆய்விதழின் பத்தி அகலத்துக்கு ஏற்ற அளவு. சுவரொட்டியில் இரண்டடி தள்ளி நின்றாலே படிக்க முடியாது. எல்லா வரைபடங்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே விகிதத்தில், குறைந்தது மூன்று மடங்காவது, பெரிதாக்குங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே இழுத்தால் ஒரு பென்சீன் வளையம் பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் நிற்கும். திரைப்பிடிப்பு எடுத்து ஒட்டவே கூடாது. பெரிதாக்கும்போது எழுத்து கலங்கி, நைட்ரஜனைக் குறிக்கும் எழுத்து ஹைட்ரஜனுடையது போலத் தெரியத் தொடங்கும்.

என்னைத் தடுக்கி விழவைத்தது இதற்கு அடுத்த கட்டம். என் முதல் சுவரொட்டியில் "5 மைக்ரோலிட்டர்" என்று குறித்திருந்தேன். என் கணினியில் சரியாகவே தெரிந்தது. அச்சகத்தில் கோப்பைத் திறந்தபோது அது "5 மில்லிலிட்டர்" ஆகிவிட்டது. மியூ என்ற கிரேக்க எழுத்தை சிம்பல் எழுத்துருவில் தட்டியிருந்தேன். அந்த எழுத்துருவில் ஆங்கில எம் எழுத்தின் இடத்தில்தான் மியூ அமர்ந்திருக்கிறது; எழுத்துரு மாறியதும் மியூ மறைந்து எம் வெளியே வந்துவிட்டது. அளவு ஆயிரம் மடங்கு கூடியதை, அரங்கில் ஒரு பேராசிரியர் விரல் வைத்துக் காட்டும்வரை நான் கவனிக்கவில்லை. ஆகவே மியூ, டெல்ட்டா, டிகிரி போன்ற குறிகளை யூனிகோடிலேயே இடுங்கள். எழுத்துருக்களை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாக மட்டுமே அச்சகத்துக்குக் கொடுங்கள். அதற்கு முன் வேறொருவரின் கணினியில் அதைத் திறந்து, ஒவ்வோர் அலகையும் ஆய்வேட்டுக் குறிப்போடு ஒப்பிடுங்கள். சுவரொட்டியை அமைக்க நான் பவர்பாயிண்டை விட்டு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்கு மாறிவிட்டேன். பழக ஒரு வாரம் ஆகும். ஆனால் இலவசம், கோடுகளும் எந்த அளவிலும் கூர்மையாக நிற்கும்.

படி 3: அரங்கில்

சுவரொட்டியின் அருகிலேயே நில்லுங்கள். இரண்டு நிமிட விளக்கம் ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கேட்பவரின் துறை தெரியாதபோது, "நீங்கள் எந்தப் பகுதியில் ஆய்வு செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குவது இருவருக்கும் நல்லது.

சுவரொட்டியின் ஏ4 பிரதிகள் சிலவற்றைக் கையில் வைத்திருங்கள். 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் நடந்த வேதியியலாளர் மாநாடு அணு எடைகளைப் பற்றி முடிவு எதுவும் எட்டாமல் கலைந்தது. ஆனால் இறுதியில், அணு எடைகளைப் பற்றி இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ எழுதிய சிற்றேடு வந்தவர்களுக்கு வழங்கப்பட்டது. ஜெர்மானிய வேதியியலாளர் லோதர் மேயர் அதை ஊர் திரும்பும் வழியில் படிக்கச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தனிம வரிசையை வகுத்தவர்களில் ஒருவராக அவர் பின்னாளில் அறியப்பட்டார். கையில் கொடுத்த தாள் அரங்கத்தைத் தாண்டியும் பயணம் செய்யும்.

இணை அமர்வுகளில் எந்த உரைகளைக் கேட்பது என்பதை முந்தின இரவே குறித்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த மாணவர் ஒருவர், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் புதிய சேர்மத்தைச் சுவரொட்டியில் காட்டலாமா என்று கேட்டிருந்தார். காட்டாதீர்கள். மாநாட்டில் வைப்பது பொதுவெளியில் வெளியிடுவதாகவே கொள்ளப்படும். ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டத்தில் பொதுவாக அதனாலேயே புதுமை இழக்கப்படும், அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. அச்சிட்ட சுருக்கத் தொகுப்புக்கும் இதே நிலைதான் என்பதால், சுருக்கத்தை அனுப்பும் முன்பே நெறியாளரிடம் கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தச் சேர்மத்தின் அமைப்பை விட்டுவிட்டு, ஏற்கெனவே வெளியான சேர்மங்களின் முடிவுகளை மட்டும் வைத்துச் சுருக்கத்தை எழுதுங்கள்.