ரேம் கூட்டிய பின் திரை கறுப்பாகவே இருந்தால்

வொர்க்ஸ்டேஷன் மடிக்கணினியில், குறிப்பாக டிடிஆர்5 என்னும் புதிய தலைமுறை நினைவகம் உள்ளதில், ரேமை (கணினியின் தற்காலிக நினைவகத்தை) கூட்டிய பிறகு முதன்முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கக்கூடும். விசிறி மட்டும் சுழலும். புதிய நினைவகத்துக்கு ஏற்ற வேகத்தைக் கணினி சோதித்துப் பொருத்திக்கொள்ளும் நேரம் அது என்பதால், பதறிப்போய் பவர் பொத்தானை அழுத்தி அணைத்துவிடாதீர்கள். நானும் அப்படி மூன்று முறை அணைத்து, ஒவ்வொரு முறையும் அந்தச் சோதனையை முதலிலிருந்து தொடங்க வைத்தவன்தான்.

பதினைந்து நிமிடம் கழிந்தும் திரை வராவிட்டால், சார்ஜரைக் கழற்றி, உள்ளே பேட்டரி இணைப்பையும் பிரித்துவிட்டு, ரேமை எடுத்து மீண்டும் சாய்வாக முழுதும் செருகி, இரு பக்கக் கொக்கிகளும் ‘கிளிக்’ எனப் பிடிக்கும்வரை கீழே அழுத்துங்கள். தங்க நிற முனைகள் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் தெரிந்தால், அது சரியாக உட்காரவில்லை. வாங்கிய ரேமின் வகையையும் பாருங்கள்: 260 முனைகள் கொண்ட முந்தைய தலைமுறை டிடிஆர்4 ரேம், 262 முனைகள் கொண்ட டிடிஆர்5 ஸ்லாட்டில் நுழையவே நுழையாது.